கூப்பிட்டால் யார் வருவார்?

"பழைய ஹோண்டா சிட்டி வி-டெக்குக்கு எந்தக் கம்பெனி ஈ.சி.யூ. போடலாம்?" கொச்சியில் கார் மோகம் கொண்ட இளைஞர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சுலைமானி டீ குடித்து முடிப்பதற்குள் பதில் கிடைத்துவிடும் என்று நினைத்துத்தான் கேட்கிறார்கள். இரண்டாவது கிளாஸுக்கும் சேர்த்தே சொல்லிவிடுங்கள், விஷயம் அவ்வளவு சின்னதல்ல. கம்பெனிப் பெயரைச் சொல்வது சுலபம். ஆறாவது மாதம் ஒரு மழைநாளில் ஈ.சி.யூ. என்ற அந்த இன்ஜின் கணினிப் பெட்டி தோப்பும்படிப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திவிட்டால் யார் வந்து பார்ப்பார் என்று சொல்வதுதான் கடினம். வாங்குமுன் யோசிக்க வேண்டியது அதைத்தான்.

அந்தப் பெட்டியின் வேலை தெரிந்தால்தான் அது எங்கே தவறும் என்பது விளங்கும். பெட்ரோல் எவ்வளவு, ஸ்பார்க் எப்போது என்று இரண்டு விடைகள் ஓடும் இன்ஜினுக்கு ஓயாமல் வேண்டும். கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஸ்பிரிங்கையும் சிறு எடைகளையும் காற்றின் இழுப்பையும் வைத்து இதைச் சமாளித்து வந்தன. 1979இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் இரண்டு வேலைகளையும் ஒரே கணினிக்குள் கொண்டுவந்து, மோட்ரானிக் என்று பெயரிட்டு, பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் வைத்தது. நம் நாட்டில் 2000ஐ ஒட்டிப் புகை விதிகள் இறுகத் தொடங்கியபோது மாருதி 800கூட கணினி பெட்ரோல் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. ஆகிவிட்டது.

வேகத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் இன்ஜினில் ஒரு சுற்று முடிய நொடியில் நூறில் ஒரு பங்குதான் ஆகிறது. அதற்குள் நான்கு சிலிண்டர் இன்ஜினில் இரண்டு முறை ஸ்பார்க் விழ வேண்டும். கிராங்க் ஒரு டிகிரி திரும்புவதற்கு ஆகும் நேரம் சுமார் 28 மைக்ரோநொடி. ஸ்பார்க் சில டிகிரி முந்தினால், கலவை தானாக வெடிக்கும் நாக்கிங் வரும். நாக்கிங்கோடு தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும். கார்புரேட்டர் கெட்டால் வண்டி திணறும், புகை விடும். ஈ.சி.யூ. தப்புச் சொன்னால் இன்ஜினே போகக்கூடும்.

இத்தனை வேகத்தில் ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்து கணக்குப் போட முடியாது. ஆகவே விடைகளை முன்கூட்டியே அட்டவணையாக எழுதி வைத்துவிடுகிறார்கள். குறுக்கே ஆர்.பி.எம்., நெடுக்கே இன்ஜின் இழுக்கும் பாரம். பதினாறுக்குப் பதினாறு என்று வைத்தால் 256 கட்டங்கள். பெட்ரோலுக்கு ஓர் அட்டவணை, ஸ்பார்க்குக்கு ஒன்று, குளிர்ந்த இன்ஜினைக் கிளப்புவதற்கு ஒன்று, ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒன்று, ஏ.சி. போட்டதும் ஐடிலிங் விழாமல் தாங்குவதற்கு ஒன்று. இவை எல்லாம் சேர்ந்ததுதான் மேப். கார்க் கம்பெனி தன் மேப்பைக் கொதிக்கும் வெயிலிலும் உறைபனியிலும் மலைமேலும் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்துத் திருத்துகிறது. வெளியே வாங்கிப் பொருத்தும் பெட்டிக்கு அதே வேலையை ஒரே ஒரு டியூனர், இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோவில் வண்டியைக் கட்டி, ஒன்றிரண்டு நாளில் முடிக்கிறார். தையல்காரர் அளவெடுத்துத் தைப்பதைப் போன்ற வேலை இது. துணி ஒன்றாக இருந்தாலும் சட்டை அந்த உடம்புக்கு மட்டுமே பொருந்தும். நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு அந்த டியூனரின் கைக்கும் போகிறது.

இந்தச் சந்தையில் மூன்று வகை உண்டு. காரோடு வந்த ஈ.சி.யூ.வுக்குள்ளேயே மேப்பை மாற்றி எழுதுவது ரீமேப். அசல் ஈ.சி.யூ.வுக்கும் சென்சார், இன்ஜெக்டர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து சிக்னலைத் திருத்தி அனுப்புவது பிகிபேக். பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் செய்யும் பவர்ட்ரானிக் இந்த வகையைச் சேர்ந்தது. பிகிபேக்கில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. தகராறு செய்தால் கழற்றிவிட்டு, பழைய வயர் கப்ளர்களை மாட்டி, வீடு போய்ச் சேரலாம். மூன்றாவது, அசலைத் தூக்கி எறிந்துவிட்டு முழுப் பொறுப்பையும் ஏற்கும் ஸ்டாண்ட்அலோன். சிட்னியில் 1986இல் தொடங்கிய ஹால்டெக், மெல்போர்னில் 1987இல் தொடங்கிய மோடெக், நியூசிலாந்தின் லிங்க் ஆகியவை இதில் பெரிய பெயர்கள். பந்தயத் தடத்தில் ஸ்டாண்ட்அலோன் நன்றாக ஓடுகிறதே என்று சொல்வார்கள். ஓடத்தான் செய்யும். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்துக்கோ சென்னை இருங்காட்டுக்கோட்டைக்கோ வரும் பந்தயக் காருக்குப் பக்கத்தில் லேப்டாப்போடு ஒருவர் எப்போதும் நிற்கிறார். ஓட்டத்துக்கு ஓட்டம் வண்டியைப் பிரித்துப் பார்க்கிறார்கள். நீங்கள் காக்கநாட்டு ஆபீசுக்கு ஓட்டிப் போகும் காரில் அந்த ஆள் இருக்கமாட்டார்.

இனி, எது பழுதாகிறது? ஈ.சி.யூ. போய்விட்டது என்று ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வண்டிகளில், நான் பார்த்தவரை, பெட்டி உண்மையிலேயே போனவை குறைவு. "இக்கா, பெட்டி போச்சா?" என்று பயந்து கேட்கும் டிரைவருக்கு அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் பதில் சொல்வதில்லை. முதலில் கப்ளரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடிப்பார். உள்ளே பின்னில் பச்சை பூத்திருக்கும். மட்டாஞ்சேரிக்கு ஒரு பக்கம் காயல், கொஞ்ச தூரத்தில் கடல், ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை. இந்தக் காற்றில் செம்பு சும்மா இருக்காது. போதாததற்கு விருச்சிக மாதத்தில், அதாவது நம் கார்த்திகையில், வேலியேற்றம் வரும். மேகமே இல்லாத நாளில் உப்புநீர் வடிகால் வழியே ஏறிச் சந்துகளில் நிற்கும். பல கார்களில் ஈ.சி.யூ. இருப்பது முன்சீட்டில் கால் வைக்கும் இடத்தின் ஓரத்தில், கார்ப்பெட்டுக்குப் பக்கத்தில். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் நெடும்பாசேரி விமான நிலையமே இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. அன்று மூழ்கிய கார்கள் பல, துடைத்துக் காயவைத்துக் கிளப்பியபோது நன்றாகவே ஓடின. தண்ணீர் வயரின் இழைகளுக்கு நடுவே நுழைந்து, பஞ்சில் ஏறுவது மாதிரி மெல்ல ஊர்ந்து, எங்கோ ஒரு கப்ளருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அரிப்பு வேலையைக் காட்ட மாதங்கள் ஆகும்.

வெளிப்பெட்டி பொருத்தும்போது இந்த ஆபத்து பெருகுகிறது. கார்க் கம்பெனியின் வயரிங் லூம் ஆலையில் இயந்திரத்தில் அழுத்திய முனைகளோடும் ரப்பர் சீலோடும் வருகிறது. நம் ஒர்க்‌ஷாப்பில் வயரை வெட்டி, முறுக்கி, ஈயப் பற்று வைத்து, மேலே கருப்பு டேப் சுற்றுகிறார்கள். ஈயம் ஏறிய இடத்தில் வயர் விறைத்துப் போகிறது. இன்ஜின் அதிர்வில் அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் ஒடியும். டேப் பசை வெயிலில் இளகி ஈரத்தை உள்ளே வாங்கும். சரியான கிரிம்பிங் பிளையர், அந்த முனைக்கு உரிய டெர்மினல், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் என்ற மூன்றுக்கும் ஆகும் செலவு பெட்டியின் விலையில் சிறு பங்கு. ஆனாலும் பெட்டிக்கு லட்சம் கொடுப்பவர்கள் வயரிங்கில்தான் பேரம் பேசுகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

எர்த்து இன்னொரு பெரும் தலைவலி. இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஃபேன், ஏ.சி. எல்லாவற்றையும் போடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் ஈ.சி.யூ.வின் எர்த்து வயருக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைச் சுத்தம் செய்யாமல் மேப்பில் கை வைக்கக் கூடாது. எர்த்து ஆடினால் எல்லா சென்சாரும் சேர்ந்து பொய் சொல்லும். டியூனர் அந்தப் பொய்க்கு ஏற்ப மேப்பைத் திருத்துவார். பிறகு யாராவது எர்த்தைச் சரிசெய்தால் நல்ல வண்டி கெட்டுப்போகும்.

கிராங்க் சென்சாரும் இப்படித்தான். இன்ஜின் எங்கே நிற்கிறது என்று பெட்டிக்கு முதன்மையாகத் தெரிவிப்பது அதுதான். பல கார்களில் பல் சக்கரத்தில் அறுபது பல்லுக்கு இரண்டைக் குறைத்து, அந்த இடைவெளியை அடையாளமாக வைத்திருப்பார்கள். காந்தச் சுருள் வகை சென்சாரின் சிக்னல், ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும்போது மிகப் பலவீனமாக இருக்கும். பக்கத்தில் இக்னிஷன் வயர் ஓடினால் அதன் மின் இரைச்சலும் இதில் கலந்துவிடும். காலையில் கிளப்ப மறுப்பது, 5000 ஆர்.பி.எம். தாண்டினால் மிஸ் ஆவது போன்ற புகார்களில் பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் இந்த ஒரு வயரைப் பார்க்க வேண்டும். உறை போட்ட வயர்தானா, உறையின் எர்த்து ஒரே முனையில்தானா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

பெட்டிக்குள்ளும் தரபேதம் இருக்கிறது, மறுக்கவில்லை. சாதாரண வீட்டு எலக்ட்ரானிக்ஸ் சிப்புகள் 70 டிகிரி செல்சியஸ் வரைக்கும் என்று செய்யப்படுபவை. இன்ஜின் அறைக்கு ஏற்ற வாகனத் தரச் சிப்புகள் மைனஸ் 40 முதல் 125 டிகிரி வரை தாங்க வேண்டும். ஓடும் வண்டியில் பேட்டரி முனை கழன்றால் ஆல்டர்னேட்டர் ஒரு கணம் ஐம்பது வோல்ட்டுக்கு மேலும் துள்ளும். அதையும் தாங்க வேண்டும். பலகைக்கு ஈரம் புகாத பூச்சு இருக்க வேண்டும். விளம்பரத்தில் குதிரைசக்தி எவ்வளவு கூடும் என்று பெரிதாகப் போட்டுவிட்டு இந்த விவரங்களில் ஒன்றும் சொல்லாத பெட்டியைக் கொச்சியில் மாட்டாதீர்கள்.

வாங்கியபின் கிடைக்கும் உதவி என்பது பெரிய விஷயம். பெட்டி செய்த கம்பெனி, இங்கே விற்றவர், வயரிங் செய்தவர், டியூன் செய்தவர் என்று நான்கு பேர். அபூர்வமாகத்தான் நால்வரும் ஒருவராக இருப்பார்கள். பழுது வந்தால் கம்பெனி டியூனரைக் கைகாட்டும், டியூனர் வயரிங்கைக் கைகாட்டுவார், வயரிங் செய்தவர் பெட்டியே மோசம் என்பார். ஒருவரும் பொய் சொல்வதாக இருக்காது, வண்டி மட்டும் ஒர்க்‌ஷாப்பில் தூசி பிடிக்கும். ஆஸ்திரேலியக் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினால் மரியாதையாகப் பதில் வரும். டேட்டா லாக் அனுப்புங்கள், மேப் ஃபைல் அனுப்புங்கள், வயரிங் படம் அனுப்புங்கள் என்று கேட்பார்கள். அங்கே மாலை ஐந்து மணி என்பது இங்கே பகல் பன்னிரண்டரை, அவர்கள் கோடையில் பதினொன்றரை. அதற்குள் கேட்டுவிட வேண்டும். ஆனால் கேட்ட மூன்றும் உங்கள் கையில் இருந்தால்தானே அனுப்ப முடியும்?

பெரும்பாலோர் சிக்கிக்கொள்வது இங்கேதான். பல டியூனர்கள் மேப்பைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். அவர்கள் தரப்பு நியாயமும் எனக்குப் புரிகிறது. ராப்பகலாக உழைத்து எழுதியதை அடுத்த கடைக்காரர் பத்து நிமிடத்தில் நகலெடுத்துக்கொண்டால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் அந்த டியூனர் கடையை மூடிவிட்டு வளைகுடாவுக்குப் போய்விட்டால்? கேரளத்தில் இது அதிசயமா? பூட்டிய பெட்டியை வேறு யாராலும் திறந்து படிக்க முடியாது. ஒரு கட்டத்தைத் திருத்த வேண்டும் என்றாலும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து டியூன் செய்ய வேண்டும், முழுக் கூலியும் மறுபடி. உங்கள் காரின் இன்ஜினுக்கு எழுதிய மேப் உங்களுடையது என்பதே என் கருத்து. டியூனரின் உழைப்புக்கு நீங்கள் விலை கொடுத்தாயிற்று. அடுத்தவருக்குக் கொடுக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத் தரலாம், பிரதி மட்டும் உங்களிடம் இருந்தே ஆக வேண்டும்.

இதற்கு நேரெதிரான பாதையில் போனவர்களும் உண்டு. புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ என்ற இரு அமெரிக்கர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே மெகாஸ்குவர்ட் என்ற பெட்டியை, வீட்டிலேயே பற்றவைத்துச் செய்துகொள்ளும்படி, சர்க்யூட் படம் முதற்கொண்டு வெளியிட்டார்கள். பின்னால் ஆஸ்திரேலியாவில் ஜோஷ் ஸ்டுவர்ட், மாணவர்களும் வாங்கிப் பழகும் ஆர்டுயினோ மெகா பலகையை வைத்து ஸ்பீடுயினோவை உருவாக்கினார். இவற்றில் வாரன்டி அட்டை, புகார் எண் எதுவும் கிடையாது. ஆனால் படமும் நிரலும் எல்லோருக்கும் திறந்திருப்பதால், செய்தவர் ஒதுங்கினாலும் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பழுது பார்க்க முடிகிறது. கற்றுக்கொள்ள ஆசை உள்ளவர், இரண்டாவது காராக வைத்திருப்பவர், இதைத் தாராளமாக முயலலாம். குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் ஒரே காரில் வேண்டாம்.

ஒரு தடவை டியூன் செய்தால் ஆயுசுக்கும் போதும் என்ற நினைப்பை இப்போது பெட்ரோலே உடைத்துவிட்டது. 2022இல் நாடு பத்து சதவீத எத்தனால் கலப்பை எட்டியது. 2025இல் அது இருபது சதவீதம். ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இருபது சதவீத எத்தனால் கலந்தால் சுமார் 13.5 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்குச் சுத்தமான பெட்ரோலைவிட அதிக எரிபொருள் ஊற்ற வேண்டும், எட்டு ஒன்பது சதவீதம் கூடுதலாக. எக்ஸாஸ்ட் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து, சீரான ஓட்டத்தில் பெட்டி தானே சரிசெய்துகொள்ளும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து ஓட்டும்போது பல பெட்டிகள் சென்சாரைக் கேட்பதில்லை, அட்டவணையில் எழுதியதை அப்படியே ஊற்றும். 2018இல் அளந்து எழுதிய மேப்போடு இன்றைய பெட்ரோலில் ஒருவர் முழு வேகத்தில் போனால் இன்ஜினுக்குக் கிடைப்பது குறைந்த பெட்ரோல். எத்தனாலுக்கு நாக்கிங்கைத் தள்ளிப்போடும் குணம் இருப்பதால் உடனே தெரியாமல் போகலாம், ஆனாலும் அதை நம்பி இருக்கக் கூடாது. 2022க்கு முன் டியூன் செய்த வெளிப்பெட்டி எதையும் இப்போது ஒருமுறை காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். பார்க்க வேண்டிய டியூனர் இன்னும் தொழிலில் இருக்கிறாரா?

வேகக் கார் நமக்கு எதற்கு என்று கேட்கும் டாக்ஸிக்காரரும் இதில் அடக்கம். அவர் வெளியே பொருத்திய சி.என்.ஜி. கிட்டிலும் ஓர் ஈ.சி.யூ. இருக்கிறது. ஃபோர்ட் கொச்சிக்கு எதிர்க்கரையில், புதுவைப்பினில் 2013இல் எல்.என்.ஜி. முனையம் வந்தது. 2021 ஜனவரியில் மங்களூரு வரை குழாய் திறந்தார்கள். இடையில் சி.என்.ஜி. பம்புகளும் பெருகின. சீக்வென்ஷியல் கிட்டில் இருக்கும் சிறு பெட்டி, அசல் ஈ.சி.யூ. பெட்ரோல் இன்ஜெக்டருக்குக் கொடுக்கும் நேரத்தைப் பிடித்து, கேஸுக்கு ஏற்றபடி பெருக்கி, கேஸ் இன்ஜெக்டருக்கு அனுப்புகிறது. அந்தப் பெருக்கல் தப்பினால் அசல் ஈ.சி.யூ. அதை ஈடுகட்டப் பார்த்து, தப்பையே பாடமாகப் படித்துக்கொள்ளும். பிறகு பெட்ரோலுக்கு மாற்றினாலும் வண்டி திணறும். "கேஸ் போட்டால் இன்ஜின் கெட்டுவிடும்" என்ற பேச்சுக்கு இதுவும் ஒரு காரணம். ஏ.ஆர்.ஏ.ஐ., ஐகாட் போன்ற வாகனச் சோதனை அமைப்புகளின் ஒப்புதல் பெற்ற கிட்டா, உங்கள் மாடலுக்கே ஒப்புதல் உண்டா, பொருத்துபவரிடம் அந்தக் கிட்டின் மென்பொருளும் கேபிளும் இருக்கிறதா என்று பார்த்து, ஆர்.சி. புத்தகத்திலும் ஏற்றிக்கொள்ள வேண்டும். சிலிண்டருக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை பரிசோதனை தனி.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு முரணாக, உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில், உயர் நீதிமன்றம் தந்திருந்த தளர்வை நீக்கி, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று ஆயிற்று. பாரத் ஸ்டேஜ் 6 கார்களில் புகை அளவைப் பெட்டியே கண்காணிக்கிறது. அவற்றில் கை வைக்கவே வேண்டாம் என்பேன். வாரன்டி போகும், இன்சூரன்ஸும் தகராறாகும்.

ஏமாந்தவருக்கு வழி உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் பெங்களூரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் எர்ணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டாண்டுக்குள் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. செய்தவர் வெளிநாட்டில் இருந்து நோட்டீஸ் போய்ச் சேர வழியில்லை என்றால் இங்கே விற்றவரே பொறுப்பாளி ஆவார். பிழைப்புக்காகச் சொந்த டாக்ஸி ஓட்டுபவரும் நுகர்வோர்தான். முதலில் நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குக் கூப்பிட்டுப் பாருங்கள். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். ஜி.எஸ்.டி. இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பதற்குத் தலையாட்டினால் இந்த உரிமைகளை நிலைநாட்டுவது மிகக் கடினமாகிவிடும்.

எனவே எந்தக் கம்பெனி என்று கேட்பதற்கு முன் டியூனரிடம் போய், அவர் மூன்றாண்டுக்கு முன் செய்த கார்களில் இரண்டின் சொந்தக்காரரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். மேப் ஃபைலின் பிரதி, பாஸ்வேர்டு, வயரிங் படம் மூன்றும் தருவதாகப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில், உலகத்திலேயே சிறந்த பெட்டியைக் காட்டினாலும் வாங்காதீர்கள்.